கோப்பை வராவிட்டாலும் டிக்கெட் எடுக்கிற ஊர்

எங்கள் வாட்சாப் குழு ஒன்றில் மறுபடியும் அதே பேச்சு. மலேசியாவில் நம் பெண் பிள்ளைகள் ஏன் குழு விளையாட்டுகளில் மேலே வருவதில்லை? உயரம் பத்தாது என்றார் ஓர் அண்ணன். அதற்கு ஏழெட்டுப் பேர் கட்டைவிரல் தூக்கிவிட்டார்கள். கல்லூரியில் நான் கைப்பந்து ஆடியவள். அங்கே பதில் எழுதினால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும். அதனால் இங்கே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உயரக் கதையை முதலில் முடித்துவிடலாம். உயரம் வேண்டும்தான், மறுக்கவில்லை. பெண்கள் ஆட்டத்தில் வலையே 2.24 மீட்டர். ஆனால் தாய்லாந்தின் நுட்சரா தொம்கோம் 1.7 மீட்டரைக் கூட எட்டாதவர். உலகத்தின் மிகச் சிறந்த செட்டர்களில், அதாவது அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்களில், ஒருவர் என்று பேசப்பட்டவர். தாய்லாந்து எங்கேயோ இல்லை, எல்லையில் இருக்கும் பாடாங் பெசாரைத் தாண்டினால் வந்துவிடும். எனவே இந்தச் சாக்கை இனி யாரும் என்னிடம் கொண்டுவர வேண்டாம்.

நான் சொல்ல வந்தது ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கைப்பந்துக் குழுவைப் பற்றி. ரெயின்போ வாஹினே என்று பெயர். பசிபிக் கடலின் நடுவில் சில தீவுகள். அமெரிக்கப் பெருநிலத்தில் போய் ஆடுவதென்றால் ஐந்து மணி நேரமாவது விமானத்தில் உட்கார வேண்டும். அங்கேயும் தோட்டப்புறக் கதைதான். நம்மவர்களை ரப்பருக்குக் கொண்டுவந்தார்கள் என்றால், அங்கே கரும்புக்குச் சீனர், ஜப்பானியர், பிலிப்பினோக்களைக் கப்பலில் ஏற்றி வந்தார்கள். அந்த மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து வளர்த்த குழு அது.

இதில் பாட்ஸி மிங்க் என்ற அம்மாவைச் சொல்லாமல் நகர முடியாது. 1927ல் ஹவாயின் மாவி தீவில் பிறந்தவர். ஜப்பானிலிருந்து குடியேறியவர்களின் பேத்தி. அப்பாவுக்குக் கரும்புத் தோட்டத்தில் நில அளவை வேலை. மருத்துவம் படிக்க ஆசைப்பட்டார், விண்ணப்பித்த கல்லூரிகள் எல்லாம் கைவிரித்தன. சரி என்று சட்டம் படித்தார். 1964 தேர்தலில் வென்று அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போனார். அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையங்களில் பெண் என்பதற்காக யாரையும் ஒதுக்கக்கூடாது என்ற டைட்டில் நைன் சட்டம் 1972ல் வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 1975ல் அதன் பல்லைப் பிடுங்க ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். வாக்கெடுப்பு நேரத்தில் மகளுக்குக் கார் விபத்து என்று செய்தி வர, மிங்க் சபையை விட்டு ஓடினார். அவர் பக்கம் ஒரே ஒரு வாக்கில் தோற்றது. பிறகு நிலைமையை எடுத்துச் சொல்லி மறுபடி வாக்கெடுத்தார்கள், இந்த முறை வென்றது. 2002ல் அவர் இறந்த பிறகு அந்தச் சட்டத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள்.

அதே 1975ல்தான் டேவ் ஷோஜி ஹவாய்ப் பெண்கள் குழுவுக்குப் பயிற்சியாளராக வந்தார். 42 பருவங்கள் இருந்தார். 1,202 வெற்றிகளோடு 2017ல் ஓய்வு பெற்றார். இங்கே ஒரு பயிற்சியாளர் ஒரே கல்லூரியில் மூன்று வருடம் தங்கினாலே நாம் ஆச்சரியப்படுவோம்.

தேசியப் போட்டிகளில் அவர்கள் வரலாறு இது. 1979ல் பெண்கள் விளையாட்டுக்கென்று தனியாக இருந்த கல்லூரிச் சங்கத்தின் பட்டம். 1981ல் என்சிஏஏ என்ற அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பெண்களுக்கும் தேசியப் போட்டி நடத்தத் தொடங்கியது. மறு வருடமே இறுதி ஆட்டத்தில் தென் கலிபோர்னியாவோடு ஐந்து செட் வரை போய் ஹவாய் வென்றது. அன்றைய விதிப்படி சர்வீஸ் போடும் பக்கத்துக்குத்தான் புள்ளி. எதிர்ப்பக்க சர்வீஸில் நீ அடித்து ஜெயித்தாலும் பந்துதான் கைக்கு வரும், கணக்கில் ஏறாது. அந்த முறையில் ஐந்து செட் என்றால் உயிர் போய்த் திரும்பும். 1983ல் யுசிஎல்ஏவை நேர் செட்டில் அடித்தார்கள். இரண்டு வருடமும் நடுவில் நின்று அடித்தவர் டீட்ரா காலின்ஸ். 1987ல் ஸ்டான்ஃபோர்டை வென்று மூன்றாவது என்சிஏஏ பட்டம்.

அப்புறம்? அவ்வளவுதான். 1988 இறுதியில் டெக்சஸிடம் தோல்வி. 1996 இறுதியில் ஸ்டான்ஃபோர்டிடம் தோல்வி. 2002, 2003, 2009 மூன்று முறையும் கடைசி நான்கு வரை வந்து நின்றுவிட்டது. 2009ல் வழியை மறித்தது பென் ஸ்டேட், 2007 முதல் 2010 வரை நான்கு வருடமும் பட்டத்தை வைத்திருந்த குழு. பணம், பெரிய கூட்டமைப்பு, தொலைக்காட்சி ஒப்பந்தம் எல்லாம் பெருநிலக் கல்லூரிகள் பக்கம் போய்விட்டன. கடைசிப் பட்டம் 1987. அன்று பிறந்த குழந்தைக்கு இன்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கலாம்.

ஆனால் எனக்கு இந்தக் குழுவின் கதையில் சுவையே 1987க்குப் பிறகுதான். 1994ல் ஹவாயின் தலைநகர் ஹொனலூலுவில் பத்தாயிரம் பேருக்கு மேல் உட்காரும் அரங்கம் திறந்தார்கள். அதிலிருந்து ஏறத்தாழ இருபது வருடம், அமெரிக்காவிலேயே கல்லூரிப் பெண்கள் கைப்பந்துக்கு அதிகக் கூட்டம் வந்தது அந்த ஊரில்தான். பாட்டிகள் வருகிறார்கள், பேரன்களைக் கூட்டிக்கொண்டு. டிக்கெட் வாங்கி வருகிறார்கள். 1996ல் தோற்ற குழுவில் செட்டராக இருந்த ராபின் ஆ மோவ், ஹொனலூலுக்காரர், பிறகு அமெரிக்காவுக்கு ஆடி 2008 ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினார். ஷோஜி விலகியதும் பயிற்சியாளர் நாற்காலியில் உட்கார்ந்தது அவர்தான். அந்த ஊரில் யாரும் "எந்த ராபின்?" என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. இறுதியாண்டு மாணவிகளின் கடைசி உள்ளூர் ஆட்டம் முடிந்ததும் அவர்களை நிற்க வைத்து மாலை போடுகிறார்கள். குடும்பம் போடும், தோழிகள் போடுவார்கள், யாரென்றே தெரியாத ரசிகர்களும் வரிசையில் வந்து போடுவார்கள். பூ மாலை, இலை மாலை, மிட்டாய் கோத்த மாலை. கழுத்து மறைந்து, தாடை மறைந்து, கடைசியில் கண் மட்டும் தெரியும். காணொளியில் பார்த்தபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் நம் விழாக்கள் நினைவுக்கு வந்தன. நம்மிடம் மாலைக்கா பஞ்சம்? கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடைக்குப் போன் போட்டால் அரை மணியில் ரோஜா மாலை வந்து நிற்கும். ஆனால் விழும் கழுத்து டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகருடையது. ஆடிய பிள்ளைகள் ஜெர்சியோடு ஓரமாக நின்று, சிறப்பு விருந்தினர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருப்பார்கள். பசி வேறு.

நான் ஆடிய காலத்தில் எங்கள் குழு கல்லூரிகளுக்கிடையிலான தேசியப் போட்டியில் நன்றாகவே ஆடியது. எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை. சில வருடங்களுக்குப் பிறகு ஒரு வேலையாக அங்கே போனபோது, பழைய முடிவுகள் எங்காவது பதிவாகியிருக்கிறதா என்று கேட்டேன். விளையாட்டு அலுவலகத்தில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். அலமாரியைத் திறந்து காட்டினார். புத்ரி, அதாவது பெண்கள் பிரிவு, என்று எழுதிய கோப்பைகள் இருந்தன. வருடம் பொறித்த தகடு பாதியில் உதிர்ந்திருந்தது, பெயர்கள் எங்கேயும் இல்லை. எங்களுக்கு முன்னால் ஆடிய அக்காமார் யார் என்று அன்று எனக்கே தெரியாது. எங்களைப் பின்னால் வந்தவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு குழுவும் தானே முதல் குழு என்று நினைத்துக்கொண்டு ஆடிவிட்டுப் போகிறது.

நம் பெண்களிடம் திறமை இல்லை என்பவர்கள் ஸ்குவாஷ் சிவசங்கரியைப் பாருங்கள், பூப்பந்து தீனாவைப் பாருங்கள். அவை தனியாகவோ ஜோடியாகவோ ஆடும் விளையாட்டுகள். ஒரு குடும்பம் மூச்சைப் பிடித்தால், ஒரு காரும் ஓர் அப்பாவும் இருந்தால், ஒரு பிள்ளையை வெகுதூரம் கொண்டுபோய்விடலாம். கைப்பந்து அப்படியில்லை. களத்தில் ஆறு பேர், வெளியே இன்னும் அத்தனை பேர். அதை ஒரு குடும்பம் தூக்க முடியாது, கல்லூரிதான் தூக்க வேண்டும். நம் பிள்ளைகள் எம்எஸ்எஸ்எம் என்ற தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டி வரை வருகிறார்கள், சிலர் மாநிலங்கள் மோதும் சுக்மா வரை. ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் தேர்வு முடிந்ததும் ஆளுக்கொரு திசை. கல்லூரியில் சேர்ந்து தொடர்ந்து ஆடலாம் என்று நினைக்கிற ஒன்றிரண்டு பேருக்கும் பயிற்சி மாலை ஏழு மணிக்கு. முடிய ஒன்பதரை. வியர்வைச் சட்டையோடு எல்ஆர்டி ரயில் பிடித்து, இறங்கி, இருட்டில் நடக்க வேண்டும். ஒன்பது மணியிலிருந்தே அம்மாவின் போன் அடிக்கத் தொடங்கிவிடும். அந்த அம்மாவைப் பிற்போக்கு என்று திட்டுபவர்கள் உண்டு. நான் திட்ட மாட்டேன். பயிற்சி முடிந்ததும் கல்லூரி வேன் ஒன்று வீடுவரை இறக்கிவிட்டால் பாதி அம்மாமார் அடங்கிவிடுவார்கள். கோப்பை வாங்கக் காசு ஒதுக்கும் சங்கங்கள் அந்த வேனுக்கு எண்ணெய்க் காசு கொடுக்கலாமே.

"அமெரிக்காவில் சட்டம் இருக்கிறது, உதவித்தொகை இருக்கிறது" என்பீர்கள். உண்மைதான். ஹவாய்க்காரர்களுக்கும் அந்தச் சட்டம் இல்லாமல் இது நடந்திருக்காது, அதனால்தான் மிங்க் கதையை அவ்வளவு நீட்டினேன். இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்க வேண்டியவர்கள் கேட்கட்டும். ஆனால் எந்தச் சட்டமும் ஒருவரைப் பார்வையாளர் இருக்கையில் உட்கார வைக்காது. நம் உயர்கல்விக் கூடப் போட்டிகளில் பெரும்பாலும் நுழைவுக் கட்டணமே கிடையாது. போய்ப் பாருங்கள். எதிரணி மாற்று ஆட்டக்காரர்கள், இரண்டு விரிவுரையாளர்கள், வாசலில் ஒரு பாதுகாவலர். மாநில அணி தங்கம் வாங்கினால் நாம் பகிர்வோம், "நம்ம பொண்ணு" என்போம். காலிறுதியில் தோற்ற பிள்ளையின் பெயர் நமக்குத் தெரியாது. ஹொனலூலுவில் அந்தத் தோற்ற பிள்ளைக்குத்தான் கண் வரை மாலை.

சரி, குழுவில் கட்டைவிரல் தூக்கியவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். எழுபது, எண்பது, தொண்ணூறுகளில் கல்லூரி, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பல்கலைக்கழகம் என்று எங்கேயாவது கைப்பந்து ஆடிய அம்மா, அத்தை, சித்தி, பெரியம்மா உங்கள் வீட்டில் இருக்கிறார்களா? பழைய ஆல்பத்தை எடுக்கச் சொல்லுங்கள். அவர்கள் சம்மதித்தால் படத்தைக் கீழே பின்னூட்டத்தில் போடுங்கள். எந்த வருடம், எந்தத் திடல், யார் கேப்டன், யார் செட்டர், இறுதியில் யாரிடம் தோற்றார்கள் என்று கேட்டு எழுதுங்கள். சேர்கிற வரைக்கும் சேர்த்து ஒரே கோப்பாகக் கட்டி, அந்தந்தக் கல்லூரி விளையாட்டு அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை என்னுடையது.