மணலை எண்ணும்போது மீனையும் எண்ண வேண்டும்

பவளத்திட்டுகள் தீவுகளுக்கு எவ்வளவு மணல் தருகின்றன என்று அளக்கும் முறையை உங்கள் கட்டுரை தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் பவளப் பாறையைக் கொத்தி மேயும் கிளிமீனுக்கு அதில் ஒரே வரிதான்! மாலத்தீவின் வக்கரு தீவில் செய்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. அங்கே திட்டில் புதிதாக உருவாகும் மணலில் 85 சதவீதத்துக்கு மேல் கிளிமீன்கள் தந்தது. பாறையைக் கொத்தி, தொண்டைக்குள் இருக்கும் பல்லால் அரைத்து, வெள்ளை மணலாக வெளியே விடும். நீருக்கடியில் காதைத் தீட்டினால் அந்தக் கொத்தும் சத்தமே கேட்கும். எவ்வளவு கொத்துகிறது என்பதைப் பொறுத்தே மணல் என்பதால் ஆய்வாளர்கள் மீனின் எண்ணிக்கையோடு அதன் நீளத்தையும் நிமிடத்துக்கு எத்தனை கொத்து என்பதையும் குறிக்கிறார்கள். அப்புறம் உடைந்து மணலாகும் சுண்ணாம்புப் பாசியான ஹாலிமீடா, பாறையைச் சுரண்டும் கடல் முள்ளெலி, இவை தரும் மணலின் கணக்கெல்லாம் தனி.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வெளிறி இறந்த பவளத்தில் பாசி படரும், அதை மேய மீன்கள் கூடும், சில வருடங்களுக்கு மணல் கூடவும் செய்யலாம். அந்த எண்ணைப் பார்த்து திட்டு நலமாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. அரைபடுவது முன்பு வளர்ந்த பவளம், அதாவது பழைய சேமிப்பு. புதுப் பவளம் வளரும் வேகத்தையும் பக்கத்திலேயே போட்டுக் காட்டினால்தான் கணக்கு முழுமையாகும். உருவாகும் மணல் எல்லாம் கரைக்கு வருவதும் இல்லை, ஒரு பங்கு ஆழத்துக்குச் சரிந்துவிடும். அடுத்த பகுதியில் இதையும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.