மவுஸை என் கையில் விடுங்கள்

வெள்ளிக்கிழமை பயிற்சி வகுப்பில், சொல்லிக்கொடுக்க வந்த தம்பி என் கையிலிருந்த மவுஸைப் பிடுங்கிக்கொண்டதை முந்தாநாள் இங்கே சுருக்கமாகப் போட்டிருந்தேன். "இதற்கெல்லாமா வருத்தப்படுவீர்கள்" என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு நீளம்.

ஆமாம், வருத்தப்படுவேன். புது மென்பொருளில் ஒரு ரிப்போர்ட் எடுக்கச் சொன்னார்கள். எந்த மெனுவில் இருக்கிறது என்று நான் தேடியது பத்து விநாடிகூட இருக்காது. "விடுங்க மேடம், நான் பண்ணிடுறேன்" என்று அந்தத் தம்பி என் கைக்கு அடியிலிருந்து மவுஸை இழுத்துக்கொண்டார். நாலு கிளிக், ரிப்போர்ட் வந்துவிட்டது. எனக்கு என்ன வந்தது? எதை அழுத்தினார் என்றுகூடக் கண்ணில் படவில்லை.

மவுஸைப் பிடுங்குவதற்குப் பெயர் கற்றுக்கொடுப்பது இல்லை.

1992-இல் எனக்கு லோட்டஸ் 1-2-3 என்ற, எக்செல் மாதிரியான கணக்கு மென்பொருளைச் சொல்லித்தந்த அக்கா, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் என் பக்கத்தில் நிற்பார். கோப்பைச் சேமிக்க அழுத்த வேண்டிய விசைகளை "சாய்கோடு, எஃப், எஸ்" என்று வாயால் மட்டும் சொல்வார். ஒருநாள் சேமிக்காமலே வெளியே வந்து, அரைநாள் வேலை போய்விட்டது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "சரி, மறுபடி போடு" என்றார். கட்டிய கையை அவிழ்க்கவே இல்லை. இரண்டாம் தடவை ஒரு மணி நேரத்தில் முடித்தேன். அதற்கப்புறம் சேமிக்க மறந்ததே இல்லை.

அந்தத் தைரியத்தில்தான் எக்செலுக்கு வந்தேன். ஒரு தாளில் 65,536 ரோக்களோடு நின்ற எக்செல், 2007 பதிப்பில் 10,48,576 ரோக்கள் ஆனது. பழகிய மெனுவெல்லாம் போய், மேலே பட்டன்கள் வரிசையாக இருக்கும் ரிப்பன் வந்தது. இரண்டு வாரம் தவித்தேன், பழகினேன். பட்டியலில் ஒன்றைத் தேடி எடுக்கும் வி-லுக்கப் ஃபார்முலாவில் ஊறிய கை, அதன் புது வடிவமான எக்ஸ்-லுக்கப்புக்கும் மாறியது. வயதானால் மண்டையில் ஏறாது என்பவர்கள், இதில் எது எனக்கு ஏறவில்லை என்று சொல்லட்டும்.

நேரம் இல்லை என்பீர்கள். மாதக் கடைசி என்றால் நியாயம். ஆனால் அது பயிற்சி வகுப்பு.

பெரியவர்களுக்கு ஈகோ, சந்தேகம் கேட்க மாட்டார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் சுட்டது. நான் கேட்டேன், மூன்று முறை கேட்டேன். மூன்றாம் முறை பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்புறம் யாருக்குக் கேட்க வாய் வரும்? வேகம் குறைந்திருப்பது உண்மைதான். நோட்டில் எழுதி வைத்துக்கொண்டுதான் செய்கிறேன். அதில் என்ன தப்பு?

எங்களுக்குப் பயம் புதுசைக் கண்டு இல்லை, எதையாவது கெடுத்துவிடுவோமோ என்றுதான். இத்தனை வருடம் கணக்குப் பார்த்தவளுக்கு ஒரு தப்பு எவ்வளவு தூரம் போகும் என்று தெரியும். ஒரு நகல் கோப்பைக் கொடுத்து, "என்ன வேண்டுமானாலும் பண்ணுங்கள், கெட்டால் கெடட்டும்" என்று விட்டுப் பாருங்கள். பெரிய பட்டியலைச் சுருக்கிக் காட்டும் பிவட் டேபிளை நான் அப்படித்தான் வீட்டில் உட்கார்ந்து பழகினேன். செய்ததைத் திரும்பப் பெறும் கன்ட்ரோல் இசட்டை எத்தனை தடவை அழுத்தியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

முந்தாநாள் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாலு கிளிக் ரிப்போர்ட்டில் மொத்தம் இரண்டு மடங்காக வந்திருந்தது. கூட்டுத்தொகை இருந்த ரோவையும் சேர்த்துக் கூட்டியிருந்தது. பார்த்தவுடன் சொன்னேன். "ஓ, ஆமா" என்றவர், அதைத் திருத்தவும் மவுஸை என்னிடம் தரவில்லை. நான் கண்டுபிடித்த தப்பு அது. அதைச் சரிசெய்யவாவது என்னை விட்டிருக்கலாம்.

திங்கட்கிழமை அடுத்த வகுப்பு. நோட்டை எடுத்துக்கொண்டு முன்னதாகவே போய், கணினிக்கு நேர் எதிரே இருக்கும் நாற்காலியில் உட்காரப்போகிறேன். யாராவது கை நீட்டினால், "நீங்க சொல்லுங்க தம்பி, நானே பண்றேன்" என்று சொல்வேன்.