சின்னத் தொடர்களின் பெரிய வளர்ச்சி

பெரிய ஓடிடி தளங்களில் வரும் தொடர்களைப் பற்றி நிறைய எழுதுகிறோம். ஒரு சிறு குழு சொந்தக் காசைப் போட்டு எடுத்து யூடியூபில் ஏற்றும் தொடர்களைப் பற்றிக் குறைவாகத்தான் பேசுகிறோம். அவற்றின் தரம் எங்கேயோ போய்விட்டது. பார்க்கப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

படம் அழகாகி நாளாகிவிட்டது. 2008-ல் கேனான் 5டி மார்க் 2 கேமரா வந்ததுமே, பின்னணி மங்கலாகத் தெரியும் அந்த சினிமாத் தோற்றம் சின்னக் குழுக்களின் கைக்கும் எட்டியது. ஆனால் ஒலியைத்தான் அப்போது காது கொடுத்துக் கேட்க முடியாது. அறைக்குள் வசனம் எதிரொலிக்கும், வெளியே போனால் காற்று இரையும். இப்போது சட்டைக்குள் லேபல் மைக் என்ற குட்டி மைக்கை வைக்கிறார்கள், ஆள் பேசாத அறையின் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்துகொள்கிறார்கள், தேவைப்பட்டால் டப்பிங். இதனால் நடிகர் மெல்லப் பேசலாம். மெல்லப் பேச முடிந்தாலே நடிப்பு வேறாகிவிடுகிறது.

அதைவிடப் பெரிய மாற்றம் எழுத்தில். கையில் இருப்பது இரண்டு அறையும் நான்கு நடிகர்களும் என்றால், அதற்குள் நிற்கும் கதையைத்தான் யோசிக்கிறார்கள். 2012-ல் விமியோ என்ற வீடியோ தளத்தில் தொடங்கிய ‘ஹை மெயின்டனன்ஸ்’ இதற்கு நல்ல உதாரணம். கஞ்சா கொண்டுபோய்க் கொடுக்கும் ஒருவன். ஒவ்வொரு எபிசோடிலும் வேறு வீடு, வேறு மனிதர்கள். அவ்வளவுதான். அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான காட்யா பிலிக்ஃபெல்ட், டிவி தொடர்களுக்கு நடிகர்களைத் தேர்வு செய்து வந்தவர். யார் எதில் பொருந்துவார் என்ற அந்தக் கண் ஒவ்வொரு முகத்திலும் தெரியும். கதை முடிந்தால் எபிசோடும் முடிந்துவிடும். அரை மணி நேரத்தை நிரப்ப இழுக்க வேண்டியதில்லை.

சரி, காசு? அமெரிக்க நடிகை ஃபெலிசியா டே 2007-ல் தொடங்கிய ‘தி கில்ட்’ இணையத் தொடர், முதல் சில எபிசோடுகளுக்குப் பிறகு பார்வையாளர்கள் பேபாலில் அனுப்பிய பணத்தில் நகர்ந்தது. இன்னொரு அமெரிக்க நடிகையான இஸா ரே 2011-ல் தன் யூடியூப் தொடரின் முதல் சீசனை முடிக்க, மக்களிடம் பணம் திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் உதவி கேட்டார். 56,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. 2016-ல் எச்பிஓ டிவியில் அவருடைய ‘இன்செக்யூர்’ தொடர் வந்தது.

என்னை உறுத்துவது, இரண்டாவது சீசன் வராமலே நின்றுபோகும் நல்ல தொடர்கள். முதல் சீசனுக்கு நண்பர்கள் சம்பளம் வாங்காமல் உழைப்பார்கள். அடுத்த முறையும் அப்படிக் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. அதனால் யாரோ வெட்டிப் போட்ட கிளிப்போடு நின்றுவிடாதீர்கள். அவர்கள் சானலுக்கே போய் முதல் எபிசோடிலிருந்து பாருங்கள். மெம்பர்ஷிப் இருந்தால், முடிந்தவர்கள் சேருங்கள். அப்புறம், கடைசியில் ஓடும் பெயர்களில் ஒலிப்பதிவு யார் என்று பார்த்து அவரையும் இரண்டு வரி பாராட்டி எழுதுங்கள்.