பெயரை மாற்றுகிறவர்களே, எங்கள் தூக்கத்துக்கு யார் பொறுப்பு?

விடியற்காலை 3 மணிக்குத் தொலைபேசி அடித்தது. கூப்பிட்டது எச்சரிக்கை மென்பொருள் அல்ல, வாடிக்கையாளர். சர்வரின் டிஸ்க் நிரம்பி, தரவுத்தளம் எழுத இடமில்லாமல் நின்றுபோயிருக்கிறது. 85 விழுக்காடு நிரம்பினாலே எங்களை எழுப்ப வேண்டும் என்று விதி எழுதி வைத்திருந்தோம். அது ஏன் வாய் திறக்கவில்லை?

ஒன்பது நாள் முன்பு கண்காணிப்பு மென்பொருளை அப்டேட் செய்தோம். புதிய பதிப்பில், டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் அளவீட்டின் பெயரையே மாற்றிவிட்டார்கள். எங்கள் விதியோ பழைய பெயரைக் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தப் பெயரில் தரவு இல்லை. தரவு இல்லையென்றால் எல்லை தாண்டவில்லை, எல்லை தாண்டவில்லையென்றால் மணி அடிக்காது! டாஷ்போர்டைத் திறந்தேன். வரைகோடு ஒரு செவ்வாய்க்கிழமை மாலையோடு அறுந்து கிடந்தது. அதற்கு வலப்பக்கம் வெறும் வெள்ளை. பக்கத்திலேயே எச்சரிக்கைப் பட்டியலில் அத்தனையும் பச்சை. வயிறு எரிந்தது.

பெயரை மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. 2018-இல், ப்ரோமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளுக்குச் சர்வரின் அளவீடுகளை எடுத்துத் தரும் நோட் எக்ஸ்போர்ட்டரின் 0.16 பதிப்பில் ஏராளமான பெயர்களை மாற்றினார்கள். பெயரின் வாலில் பைட்ஸ், செகண்ட்ஸ் என்று அலகு சேர்ந்தது. பார்த்தவுடன் அலகு தெரிகிறது, நல்ல காரணம். பழைய பெயர்களும் தொடர்ந்து கிடைப்பதற்கான மாதிரி விதிகளைக் கையோடு கொடுத்தார்கள். மென்பொருள்களின் அளவீடுகளைத் திரட்டி அனுப்புவதற்கான பொதுத் தரமான ஓபன்டெலிமெட்ரியில் ஹெச்டிடிபி (இணையக் கோரிக்கை) அளவீடுகள் மாறியபோது, பழையதையும் புதியதையும் சேர்த்தே அனுப்ப ஒரு வழி வைத்தார்கள். முடியும் என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஓபன்டெலிமெட்ரியின் அந்த மாற்றத்தில் பெயரோடு தாமதத்தின் அலகும் மாறியது, மில்லிவிநாடி விநாடியானது. பெயரை மட்டும் திருத்திவிட்டு 500 என்ற எல்லையைத் தொடாமல் விட்டால், அரை விநாடித் தாமதத்துக்கே அடிக்க வேண்டிய மணி 8 நிமிடம் 20 விநாடி வரை காத்திருக்கும். இவ்வளவு ஆபத்தான வேலை இது!

எங்களுக்குக் கிடைத்தது என்ன? வெளியீட்டுக் குறிப்பின் அடியில், 'பிற மேம்பாடுகள்' என்ற தலைப்பின் கீழ் ஒற்றை வரி. பழைய பெயர், புதிய பெயர் என்று ஒரு அட்டவணை போட அரை நாள் ஆகுமா? இரண்டு பதிப்புகளுக்குப் பழைய பெயரை உயிரோடு விட்டிருந்தால் யாருக்கு நட்டம்? காசு கொடுத்து வாங்கியவன் கேட்கிறேன்.

இப்போது 212 விதிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, 'இந்த அளவீடு பத்து நிமிடம் வராவிட்டாலும் என்னை எழுப்பு' என்று காவலுக்கு மேல் காவல் போட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் 140 பாக்கி.