காஸ்ட் போட்டால் எச்சரிக்கை போகும், பிழை போகாது

திருகோணமலைப் பிள்ளைகள் சிலர் சி மொழியில் டிரைவர் (கருவியைக் கணினியோடு இணைத்து இயக்கும் நிரல்) எழுதப் பழகுகிறார்கள், அதனால் இதைச் சொல்லிவிடுகிறேன். மேலே ஒரு தம்பி, 'சைன் கம்பேர் எச்சரிக்கை வந்தால் முன்னால் அன்சைன்ட் என்று காஸ்ட் போடுங்கள், மதிப்பு மாறாது' என்று எழுதியிருக்கிறார். பலர் அதை அப்படியே பகிர்ந்தும் விட்டார்கள். எதிர் எண்ணும் ஏற்கும் வகையை, எதிர் எண்ணே ஏற்காத அன்சைன்ட் வகையோடு ஒப்பிட்டால் கம்பைலர் தருவதுதான் சைன் கம்பேர் எச்சரிக்கை. ஒரு மதிப்பை வேறு வகையாக மாற்றச் சொல்வது காஸ்ட்.

நேர் எண்ணுக்கு அந்தத் தம்பி சொன்னது சரி. ஆனால் லினக்ஸ் டிரைவரில் படிக்கும் ஃபங்ஷன் தோற்றால் எதிர் எண்ணைத்தான் திருப்பித் தரும். உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை என்றால் -5. அதை 32 பிட் அன்சைன்ட் ஆக்கினால் 4294967291 ஆகிவிடும். பிறகு 'படித்தது பஃபரின் (தரவு வந்து சேரும் நினைவக இடத்தின்) அளவை விடக் குறைவா?' என்று சோதித்தால், இல்லை என்றுதான் பதில் வரும். வாசிப்பு தோற்றுப்போயிருக்க, டிரைவரோ முழுத் தரவும் வந்துவிட்டதாக நினைத்து, பஃபரில் கிடந்த பழைய குப்பையைத் தன்னைக் கேட்ட நிரலுக்கு அனுப்பும். கடல்மட்டம் அளக்கும் கருவி ஒன்றில் இப்படி நடந்தால், பிழைச் செய்தியே இல்லாமல் தவறான அளவுதான் பதிவாகும். எனக்குக் கவலை அதுதான்.

முதலில் திரும்பி வந்த எண் பூச்சியத்தை விடக் குறைவா என்று பாருங்கள். குறைவென்றால் அந்தப் பிழை எண்ணையே திருப்பி அனுப்புங்கள். அதைத் தாண்டி வந்த பிறகு காஸ்ட் போடலாம், அப்போது ஆபத்தில்லை.

என் பேச்சை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். ஒரு இன்ட் (எதிர் எண்ணும் ஏற்கும் முழு எண்) மாறியில் -5 வைத்து, அதை சைஸ்ஆஃப் தரும் பைட் அளவோடு (அது அன்சைன்ட்) ஒப்பிடும் நாலு வரி நிரலை எழுதி, ஜிசிசி கம்பைலரில் எக்ஸ்ட்ரா எச்சரிக்கைகளோடு (-Wextra) கம்பைல் செய்யுங்கள். எச்சரிக்கை வரும். அப்புறம் காஸ்ட் போட்டு ஓட்டுங்கள். எச்சரிக்கை மறையும், தவறான விடை அப்படியே இருக்கும்.