பெரிய வண்டிகளுக்கு நடுவே ஒரு குட்டிக் கோழி

பர்மிங்காம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், சோலிஹல் பகுதியில் இருக்கிறது பிரிட்டனின் தேசிய மோட்டார் சைக்கிள் அருங்காட்சியகம். கோவென்ட்ரியில் வேலை பார்க்கும் அண்ணன் மகன், "அத்தை, உங்களுக்குத்தான் வண்டி என்றால் உயிராயிற்றே" என்று சொல்லி அழைத்துப் போனான். ஐந்து கூடங்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள். எல்லாமே பிரிட்டனில் செய்தவை. காலை பத்து மணிக்கு உள்ளே போனவர்கள், மாலையில் மூடும் நேரம் வந்துவிட்டது என்று சொன்ன பிறகுதான் வெளியே வந்தோம்.

கூட்டம் எங்கே நிற்கும் என்பதைச் சொல்ல வேண்டியதே இல்லை. வின்சென்ட் பிளாக் ஷேடோவைச் சுற்றி எப்போதும் ஏழெட்டுப் பேர். 998 சிசி, இரட்டை சிலிண்டர், இன்ஜின் முழுவதும் கறுப்பு எனாமல். மணிக்கு 125 மைல், அதாவது 200 கிலோமீட்டர் வேகத்தை 1940களிலேயே தொட்ட வண்டி. அதன் வேகமானி ஒரு சாப்பாட்டுத் தட்டைப் போல ஓட்டுபவர் முகத்துக்கு நேராக நிமிர்ந்து நிற்கிறது, 150 மைல் வரை எண்களோடு. அடுத்து பிரஃப் சுப்பீரியர். நாட்டிங்ஹாமில் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் செய்த வண்டி. 'அரேபிய லாரன்ஸ்' என்று பெயர்பெற்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி 1935இல் விபத்துக்குள்ளாகி உயிரிழக்கக் காரணமானதும் ஒரு பிரஃப் சுப்பீரியர்தான். பெட்ரோல் டேங்கின் நிக்கல் பூச்சில் என் முகம் தெரிந்தது.

இந்த இடத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. 2003 செப்டம்பரில் இங்கே பெரும் தீ விபத்து நேர்ந்தது. அன்று உள்ளே இருந்தவர்கள் தங்களால் முடிந்த மட்டும் வண்டிகளை உருட்டி வெளியே கொண்டு வந்தார்கள். அப்படியும் ஏறத்தாழ 380 வண்டிகள் எரிந்துபோயின. அத்தோடு மூடிவிடாமல், கருகிப்போன வண்டிகளை எடுத்து மீண்டும் உயிர் கொடுக்கத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டின் இறுதியிலேயே திறந்தும்விட்டார்கள். இரும்பின் மீது இவ்வளவு பாசம் வைக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: முடியும், வைக்கவும் வேண்டும். ஒரு வண்டி பத்துப் பேர் கையின் உழைப்பு. அந்தக் கைகளை நினைவில் வைத்திருக்க நம்மிடம் மிஞ்சியிருப்பது அந்த இரும்பு ஒன்றுதான்.

ஆனால் என்னை நிறுத்திவைத்தது வின்சென்ட்டோ பிரஃபோ அல்ல. அவற்றைப் போல யாரும் மொய்க்காத ஒரு வெளிர்பச்சை வண்டி. பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. நிறுவனம் செய்த பாண்டம். 1948இல் வெளிவந்தபோது வெறும் 125 சிசி, டூ ஸ்ட்ரோக், மூன்று கியர். பாண்டம் என்றால் குட்டி இனக் கோழி. பெயருக்கு ஏற்ற உருவம்தான். இருக்கை சைக்கிள் சீட்டைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவே. டேங்கில் கை வைத்தால் ஒரு உள்ளங்கை பாதியை மறைத்துவிடும் போல இருந்தது. வின்சென்ட்டை வாங்கக் கனவு கண்டவர்கள் ஆயிரம் பேர் என்றால், பாண்டத்தில் வேலைக்குப் போனவர்கள் லட்சக்கணக்கானவர்கள். அஞ்சல் துறையின் தந்திப் பையன்கள் சிவப்பு வண்ணப் பாண்டத்தில்தான் வீடு வீடாகப் போனார்கள்.

இந்தக் குட்டிக் கோழி உண்மையில் ஒரு ஜெர்மன் முட்டையில் பொரித்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ நிறுவனம் வடிவமைத்த ஆர்.டி. 125 என்ற வண்டியின் வரைபடங்கள், தோற்ற நாட்டிடம் பெற்ற போர் இழப்பீட்டின் பகுதியாக வென்ற நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. பி.எஸ்.ஏ. அதை அப்படியே இடவலமாகத் திருப்பிப் போட்டது, கண்ணாடியில் பார்ப்பதைப் போல. காரணம் எளிது. ஆங்கிலேயருக்குக் கியர் வலது காலில் இருக்க வேண்டும். குனிந்து பார்த்தேன். கியர் மிதியும் கிக்கரும் வலப்பக்கமே இருந்தன. இதே வரைபடம் அமெரிக்காவில் ஹார்லியின் சின்ன வண்டியானது, சோவியத் நாட்டில் இன்னொன்றானது.

அதே வடிவத்தைப் பின்பற்றி ஜப்பானில் 1955இல் ஒரு வண்டி பிறந்தது. பியானோவும் ஆர்கனும் செய்துகொண்டிருந்த நிறுவனம் முதன்முதலாகச் செய்த மோட்டார் சைக்கிள். பெயர் யமஹா ஒய்.ஏ. 1. நான்கு கியர். அந்த ஆண்டே ஃபூஜி மலையேற்றப் பந்தயத்தில் தன் பிரிவில் வென்றது. கல்லூரி நாட்களில் நான் ஆர்.எக்ஸ். 100 ஓட்டியவள். அந்த டூ ஸ்ட்ரோக் சத்தத்தின் பாட்டன் முறை உறவு ஒன்று இங்கே கண்ணெதிரே நிற்கிறது என்று புரிந்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

இனிதான் என் கருத்து. ஒரே விதையில் முளைத்த இரண்டு செடிகள். ஒன்று வளர்ந்துகொண்டே போனது. மற்றது நட்ட இடத்திலேயே நின்றது. யமஹா நான்கு கியரோடு தொடங்கிய வேலைக்குப் பாண்டம் 1966 வரை காத்திருந்தது. 1971இல் பாண்டத்தையே நிறுத்திவிட்டார்கள். அடுத்த இரண்டே ஆண்டுகளில் பி.எஸ்.ஏ. சரிந்தது. ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய மோட்டார் சைக்கிள் நிறுவனமாக இருந்தது அது. 1951இல் இன்னொரு பெரிய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் நிறுவனமான டிரையம்பையே விலைக்கு வாங்கிய நிறுவனம்.

"எண்ணெய் ஒழுகும் வண்டி செய்தார்கள், அதனால் ஒழிந்தார்கள்" என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். தொழிற்சங்கத்தின் மீது பழி போடுபவர்களும் உண்டு. இரண்டையும் நான் ஏற்கவில்லை. ஒழுகியது உண்மைதான். ஆனால் அது நோயின் அறிகுறி. சின்ன வண்டியில் லாபம் குறைவு, அதை ஜப்பான்காரர்கள் செய்துகொள்ளட்டும், அதில் ஓட்டிப் பழகியவன் நாளை நம்முடைய பெரிய வண்டியைத் தேடி வருவான் என்று மேலே இருந்தவர்கள் நம்பினார்கள். முதலில் சிறியதை விட்டார்கள். பிறகு நடுத்தரத்தை விட்டார்கள். ஹோண்டா 1958இல் சூப்பர் கப் என்ற 50 சிசி வண்டியோடு புறப்பட்டு, 1969இல் நான்கு சிலிண்டர், பொத்தானைத் தொட்டால் ஓடும் ஸ்டார்ட்டர், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் என்று 750 சிசியோடு வந்து நின்றபோது, பின்வாங்க இடமே இல்லை. புதிய இயந்திரங்களுக்குச் செலவழிக்க மனமில்லாமல் பழைய பட்டறையிலேயே வேலை வாங்கிய முதலாளிகளை விட்டுவிட்டு, அந்தப் பழைய இயந்திரத்தோடு மல்லுக்கட்டிய தொழிலாளியைக் குறை சொல்வது அநியாயம். டிரையம்பின் மெரிடன் ஆலையை மூடப்போகிறோம் என்று 1973இல் அறிவித்தபோது, வாயிலை மறித்து உட்கார்ந்து, பிறகு கூட்டுறவாகச் சேர்ந்து 1983 வரை வண்டி செய்தவர்கள் தொழிலாளர்கள்தான்.

சின்ன வண்டியின் அருமை எனக்குப் படித்துத் தெரிந்ததல்ல. அப்பாவிடம் டி.வி.எஸ். 50 இருந்தது. முன்னால் நான், பின்னால் அம்மா, அம்மா மடியில் தம்பி, கைப்பிடியில் காய்கறிப் பை. மேட்டில் ஏறத் திணறினால் அப்பா இறங்காமலே இரண்டு மிதி மிதிப்பார், வண்டி மறுபடி மூச்சுப் பிடித்துக்கொள்ளும். அந்த வண்டி இல்லாவிட்டால் ஆறு கிலோமீட்டர் தள்ளியிருந்த பள்ளிக்கு நான் போயிருக்க மாட்டேன்.

அந்த வண்டி 1980இல் ஓசூரிலிருந்து வந்தது. அதே டி.வி.எஸ். நிறுவனம் 2020 ஏப்ரலில், நொடித்துப்போயிருந்த பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் நிறுவனமான நார்டனை 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது. ஐல் ஆஃப் மேன் பந்தயங்களில் ஆண்டுக்கணக்காகக் கோலோச்சிய நார்டனை! அருங்காட்சியகத்தில் நார்டன் வரிசையின் முன் நின்று இதை அண்ணன் மகனிடம் சொன்னேன். அவன் நம்பாமல் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "தாத்தாவின் மொபெட் கம்பெனியா?" என்றான். ஆமாம், அதேதான்.

எனக்கு ஒரே ஒரு கோரிக்கை உண்டு. ஓசூரில் என்றாவது ஒரு நாள் டி.வி.எஸ். தன் வண்டிகளையெல்லாம் மக்கள் பார்க்கும்படி வரிசையாக நிறுத்துவதானால், வாசலில் முதலாவதாக நிற்க வேண்டியது டி.வி.எஸ். 50. மிதி தேய்ந்து, இருக்கை கிழிந்து, ஒரு குடும்பத்தை ஏற்றி இறக்கிய பழைய வண்டியாகவே அது இருக்கட்டும். பளபளக்கும் நார்டன் அதற்கு அடுத்து நிற்கலாம்.