வரி ஊழியருடையதுதான். கணக்கு யாருடையது?

நிர்வாகம் ஊழியர்களுக்கு அனுப்பிய அந்தச் சுற்றறிக்கையை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான்கு நாளாக வாட்ஸ்அப் குழுக்களில் அதுதான் ஓடுகிறது. 2023-24இல் சலுகை வட்டிக் கடனுக்கான பெர்க்விசிட் (சம்பளத்துக்கு மேல் கிடைக்கும் சலுகை) மதிப்பு சம்பளத்தில் சேரவில்லையாம். ஆகவே "தாங்கள் செலுத்தத் தவறிய வரியை" வட்டியோடு 2025 ஜூன் மாதத்துக்குள் கட்டி, அப்டேட்டட் ரிட்டர்ன் (கெடு முடிந்த பிறகு திருத்திப் போடும் வருமான வரிக் கணக்கு) போட்டு, ஒப்புகைச் சீட்டை அனுப்ப வேண்டுமாம்.

தவறியது யார்?

வரி ஊழியருடையது. இதில் எனக்கு மறுப்பே இல்லை. குறைந்த வட்டியில் கடன் கிடைத்தால் அது வருமானம். 1962 வருமான வரி விதிகளின் விதி 3(7) அப்படித்தான் சொல்கிறது, உச்ச நீதிமன்றமும் 2024 மே 7ஆம் தேதி அதை உறுதி செய்துவிட்டது. ஆனால் அதைக் கணக்கிட்டுப் பிடித்தம் செய்யும் கடமை, 1961 வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 192இன்படி, சம்பளம் கொடுப்பவருடையது. கணக்கு யார் கையில் இருந்ததோ அவர்தான் கணக்குப் பிழைக்குப் பொறுப்பு.

ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். மாதக் கடைசி நாளின் நிலுவை, அந்த நிதியாண்டின் ஏப்ரல் 1 அன்று அதே வகைக் கடனுக்கு ஸ்டேட் பாங்க் வைத்திருந்த வட்டி, ஊழியரிடம் வசூலித்த வட்டி, இந்த மூன்றும் வேண்டும். நிலுவை ஆண்டு முழுக்க 20 லட்சம், வட்டி வித்தியாசம் 3 சதவீதம் என்றால் பெர்க்விசிட் 60,000 ரூபாய். 20 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு செஸ் சேர்த்து 12,480. இது அவருடைய வரி, அவர் கட்டட்டும். முன்கூட்டியே வரி கட்டாததற்கான 234பி வட்டி மாதம் 1 சதவீதம், 2024 ஏப்ரலிலிருந்து 15 மாதத்துக்கு 1,860. அப்டேட்டட் ரிட்டர்ன் என்பதால் இரண்டையும் கூட்டி அதன் மேல் 25 சதவீதம், 3,585. ஆக 17,925. முன்வரித் தவணை தவறியதற்கான 234சி வட்டி தனி.

இதே தொகையை 2024 ஜூலை 31க்குள் ரிட்டர்னில் காட்டியிருந்தால் 234பி வட்டி வெறும் 496 ரூபாய். 25 சதவீதம் என்ற பேச்சே கிடையாது.

"அந்த விதி மீதான வழக்கு நிலுவையில் இருந்தது, நிர்வாகம் என்ன செய்யும்?" என்று சிலர் வருவார்கள். தீர்ப்பு வந்தது மே 7. சம்பளத்தில் பிடித்த வரிக்கு நிர்வாகம் கொடுக்கும் கணக்கான 24க்யூவுக்கு, நான்காம் காலாண்டில் கடைசி நாள் மே 31. ஊழியருக்கு ஃபார்ம் 16 (சம்பளம், பிடித்த வரிக்கான சான்று), 12பிஏ (சலுகைகளின் மதிப்புப் பட்டியல்) கொடுக்க ஜூன் 15. ரிட்டர்னுக்கு ஜூலை 31. எண்பத்தைந்து நாள் கையில் இருந்தது. 12பிஏவில் கடன் சலுகைக்கு நேரே சரியான எண்ணைப் போட்டுக் கொடுத்திருந்தாலே போதும். அங்கே பூஜ்யம் போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தது யார்?

"படித்தவர்கள்தானே, சரிபார்த்திருக்க வேண்டாமா?" இந்தக் கேள்விதான் வலிக்கிறது. ஒரே ஊழியருக்கு வீட்டுக் கடன் ஒன்று, வாகனக் கடன் ஒன்று, பண்டிகை முன்பணம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டி. பல கடன்களில் முதலில் அசல் கழியும், வட்டி பிறகுதான் பிடிப்பார்கள். இத்தனையும் கிடப்பது நிர்வாகத்தின் சிஸ்டத்தில். ஃபார்ம் 16ஐ நம்பி ரிட்டர்ன் போடுவது குற்றமென்றால் அதை எதற்குக் கொடுக்கிறீர்கள்?

"நல்லெண்ணத்தில் நடந்த தவறு" என்பதற்கு நான் பதில் சொல்லவே தேவையில்லை. எல்டிசி எனும் விடுமுறைப் பயணச் சலுகையில் கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர் வழியாகச் சுற்றி வந்த பயணத்துக்கு டிடிஎஸ் (வரிப் பிடித்தம்) பிடிக்காத வழக்கில், ஸ்டேட் பாங்க் இதே வாதத்தை வைத்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பிடிக்கத் தவறிய முதலாளிதான் பிரிவு 201இல் மாட்டுகிறார்.

ஒப்புகைச் சீட்டை எதற்குக் கேட்கிறார்கள் என்று யோசித்தீர்களா? ஊழியர் வருமானத்தைக் காட்டி வரியும் கட்டிவிட்டார் என்று ஆடிட்டர் படிவம் 26ஏவில் சான்று கொடுத்தால், வரியைப் பொறுத்தவரை நிர்வாகம் தப்பிக்கும். மிச்சம் அவர்களுக்கு 201(1ஏ) வட்டி மட்டும். அவர்கள் தப்பிக்கும் வழிக்கு ஊழியர்தான் 25 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

முப்பத்தாறு வருடம் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் அந்தக் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். பிரித்துக் காட்டும்போது தொகையைக் காட்டவில்லை. "செலுத்தத் தவறிய" என்ற சொற்களின் மேல்தான் விரலை வைத்தார். ஒரு நாள்கூட கேஷ் குறையாமல் கணக்கு முடித்த மனிதர். அவருக்கு இந்தச் சொல்லா?

என் கணக்கில் 17,925இல் 12,480ம் 496ம் ஊழியருடையது. மிச்சம் 4,949 ரூபாய் நிர்வாகத்தினுடையது. அதை அவர்கள் ஏற்க வேண்டும். கடிதத்தையும் திருத்தி அனுப்ப வேண்டும்.

அவசரப்பட்டு ரிட்டர்ன் போட்டுவிடாதீர்கள். முதலில் திருத்திய 12பிஏவையும், மாதவாரி நிலுவை, வட்டிக் கணக்குத் தாளையும் எழுத்துமூலம் கேளுங்கள். 25 சதவீதத்துக்கான காலம் 2026 மார்ச் 31 வரை. அதன் பிறகு 50. அந்த 25 சதவீதக் காலத்துக்குள் ஒரு மாதம் தள்ளினால் மேலே சொன்ன கணக்கில் கூடுவது 155 ரூபாய். ஒரு நிதியாண்டின் கணக்குக்கு அப்டேட்டட் ரிட்டர்னை ஒரே ஒரு முறைதான் போட முடியும். அவர்கள் கொடுக்கும் எண் இந்த முறையும் தப்பாக இருந்தால், அதைத் திருத்த உங்களுக்கு இன்னொரு அப்டேட்டட் ரிட்டர்ன் கிடையாது.